வெறுங்கைக்கு ஒரு விதி

அன்புள்ள நைனாவுக்கு,

ஜெர்மனியிலிருந்து கவிப்பிரியா. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

ஞாயிற்றுக்கிழமை ஒருவன் என்னை ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டான். பயப்படாதீர்கள், விளையாட்டில்தான். ஹாஸ்டலில் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருத்தி கதை சொல்வாள், ஆளுக்கொரு வேடம். அடி விழுமா என்பதைப் பகடை சொல்லும். "இன்னாம்மா, படிக்கப் போய் தாயம் ஆடிகினு கீறியா?" என்று சிரிப்பீர்கள்.

என் வேடத்துக்கு ஆயுதமே கிடையாது. ஈட்டிக்காரனிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். இதென்ன நியாயம் என்று சண்டை போட்டு விதியை மாற்றவைத்தேன்: தூரத்தில் ஈட்டிக்குப் பலம், தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டால் வெறுங்கைக்கு.

மறுபடி ஆடினோம். கதையில் ஒரு மலை, மூடுபனி. கேட்கக் கேட்க அது நம் ஊர் முருகன் கோயில் மலைப்படியாகவே ஆகிவிட்டது. பனிக்குள் ஒவ்வொரு படியாக ஏறி, ஈட்டிக்காரன் பக்கத்தில் போய்விட்டேன். "அடி, அடி!" என்றார்கள். எனக்கு அடிக்கத் தோன்றவில்லை.

"எங்கள் ஊர் முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்தவர், அவருக்குச் சூரசம்ஹாரம் கிடையாது. மற்ற ஊர்களில் சூரனைக் கொல்கிற அன்றைக்கு இங்கே பூதான் போடுவார்கள்" என்றேன். ஈட்டிக்காரனாக ஆடிய பெண் சிரித்துக்கொண்டே மேசைக்கு மேல் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. இங்கே வந்து இத்தனை நாளில் யார் கையையும் இப்படிப் பிடித்ததில்லை. அவளாக இழுத்துக்கொள்ளும்வரை நான் விடவில்லை.

அம்மாவைப் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. இன்னொன்று நைனா, வீடியோவில் பேசும்போது போனைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். கையிலேயே பிடித்துப் பேசுங்கள். படம் ஆடினால் ஆடட்டும்.

உங்கள் கவி