மூன்றாவது இலவச சர்வீஸ்

ஜூன் 9, திங்கள்

அனுபுரத்தில் வெயில் குறையவில்லை. கடற்காற்று மூன்று மணிக்கு மேல்தான். கார் கண்ணாடியில் ஸ்டிக்கர்: மூன்றாவது இலவச சர்வீஸ், 10,000 கி.மீ. அல்லது ஜூன் 14, எது முதலோ அது. நம் வண்டிக்கு எது முதல் என்று கேட்கவே வேண்டாம். ஓடியிருப்பது 3,118. தேதி தப்பினால் வாரண்டியும் போகுமாம்.

வாங்கும்போது இலவசம் என்று சொன்னவை: மூன்று சர்வீஸ் (கூலி மட்டும், ஆயில் நம் தலையில்), மிதியடி, வாசனை டப்பா, ஒரு குடை. குடை வரவே இல்லை. கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் வரவேண்டிய பொருளை விடுவானா? நாளை கேட்க வேண்டும்.

ஒரு வருஷத்தில் இந்த 3,118 எங்கே போனது என்று யோசித்தேன். வேலைக்கு கம்பெனி பஸ். ஆகவே:
- திருக்கழுக்குன்றம் கோயில், மாதம் ஒரு முறை.
- செங்கல்பட்டு. பல் டாக்டர், சர்வீஸ்.
- ஞாயிறு மாலை மாமல்லபுரம். கடலைப் பார்க்க நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து சுண்டல். திரும்புவது.
- செய்யூர் பக்கம் ஒரே தடவை, பிப்ரவரியில். ஊருக்குப் பிரியும் வளைவு வரை 29 கி.மீ. வளைவில் பலகை: செய்யூர் 4. திருப்பிவிட்டேன்.

இரவுக்கு ரவா உப்புமா. அடிப்பிடித்தது.

ஜூன் 10, செவ்வாய்

அரை நாள் லீவ். செங்கல்பட்டு பைபாஸ் சர்வீஸ் சென்டர். அட்வைசர் தணிகைவேல், நாற்பது வயது இருக்கும், போன தடவையும் அவர்தான். வண்டியைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். பிறகு, "ஓடிபி சொல்லுங்க சார்."

வரவில்லை என்றேன்.

"போயிட்ச்சே சார். கடைசி நம்பர் நாலு ஏழு."

என் நம்பர் அது இல்லை. தப்பாகப் போட்டுவிட்டு என்னைக் கேட்கிறீர்களா என்று சத்தம் போட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போட்டு முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. டெலிவரி அன்று கவுன்டரில் நம்பர் கேட்டபோது வித்யா முந்திக்கொண்டு தன் நம்பரைக் கொடுத்தாள். "நீ மெசேஜே படிக்க மாட்டப்பா. எனக்கு வரட்டும், நான் பாத்துக்கறேன்."

அவள் பெயரை இந்த டைரியில் எழுதிப் பத்து மாதம்.

டிசம்பர் சர்வீஸில் இந்தக் கூத்து இல்லை, கையெழுத்து போதும். இப்போது புது சட்டம். நம்பரை மாற்றுங்கள் என்றேன். "மாத்தலாம் சார். ஆனா அதுக்கும் பழைய நம்பருக்குதான் ஓடிபி போவும்." நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால் ஆர்.சி., ஆதார் நகலோடு மனு, பத்து நாள். கையில் இருப்பது நாலு நாள்.

"அது யாரு நம்பர் சார்?"
"என் பொண்ணு."
"அப்ப இன்னா சார், ஒரு போன் போட்டு கேளுங்க."
"அவ ஊர்ல இல்ல."
"ஊர்ல இல்லன்னா போன் எடுக்காதா சார்?"

சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். குடையைப் பற்றிக் கேட்க மறந்தேன்.

பாதி வழியில் தோன்றியது: ஓடிபி போயிருக்கிறதே. அப்படியானால் நான் இன்று அங்கே நின்றது அவளுக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

புழுக்கம். பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ: "பொண்ணு வூட்டுக்குப் போனா திரும்பி வரவே மனசு இல்லப்பா, பேரன் வுட மாட்டேங்குறான்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் நம்பரைத் தேட வேண்டியதில்லை, மனப்பாடம். மூன்று தடவை அடித்து மூன்று தடவை அழித்தேன். ஒரு ஓடிபி. ஆறு எண். அதற்குக் கூட வாய் வரவில்லை.

என்ன சொல்லிக் கூப்பிடுவது? போன ஆகஸ்டில் டேவிட்டைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செய்யூர்ப் பையன், அங்கேயே ஆஸ்பத்திரியில் லேப் வேலை. அப்பா அம்மா ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள் என்று அவனே சொன்னான், மறைக்கவில்லை. அந்தப் பையனை அவன் சாதியைச் சொல்லித் திட்டினேன். அந்தச் சொல்லை இங்கே கூட எழுதக் கை வரவில்லை. காபி டம்ளரை அவன் கீழே வைக்கக் கூட இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். வித்யா அழவில்லை. "நீ இப்படின்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். அவ்வளவுதான், அவனோடு செய்யூர் போய்விட்டாள். அவள் அம்மா கமலா உயிரோடு இருந்திருந்தால் என்னை அப்படிப் பேச விட்டிருக்கமாட்டாள். நான் செய்தது தப்பு. இதை எழுத பத்து மாதம் ஆகியிருக்கிறது.

பால் திரிந்துவிட்டது. நாளை அரை லிட்டர் போதும்.

ஜூன் 12, வியாழன்

முழு நாள் லீவ். ஆர்.சி., ஆதார் நகல், மனு எல்லாம் எடுத்துக்கொண்டு மறுபடி செங்கல்பட்டு. தணிகைவேல் மனுவைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். "இது பத்து நாளு இழுக்கும் சார், உங்க தேதி போயிடும். நான் ஒரு வார்த்த மேடத்தாண்ட பேசட்டா?"

வேண்டாம் என்று சொல்லவில்லை. காபி மெஷின் பக்கம் போய் நின்றுகொண்டேன். கண்ணாடி வழியாக அவர் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. நீளமாகப் பேசினார். ஆறு எண் சொல்ல எவ்வளவு நேரம்?

வந்தார். மனுவின் பின்பக்கம் ஓடிபி. "குட்த்துட்டாங்க சார். ஒன்னு கேட்டாங்க. மீட்டர் சரியா பாத்தீங்களா, மூணாயிரம்தானா, ரெண்டு தபா கேட்டாங்க."

வண்டியை உள்ளே எடுத்தார்கள். நாலு மணி நேரம் அந்த ஹாலில். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், புது வண்டிக்கு ரிப்பன், கேக், கைதட்டல். நாங்களும் அந்த இடத்தில்தான் நின்றோம், நானும் அவளும். மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை.

குடை கிடைத்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

கிளம்பும்போது தணிகைவேல்: "ஃபீட்பேக் கால் வரும் சார். பத்துக்கு பத்து சொல்லிடுங்க. ஒன்பது சொன்னாகூட எனக்கு பேஜாரு." அந்த காலும் அவளுக்குத்தான் போகும் என்றேன். சிரித்தார்.

ஜூன் 13, வெள்ளி

ஒன்றும் இல்லை. பஸ், வேலை, பஸ். ஏசியில் இருந்த வாடை போய்விட்டது. போர்ட்டிகோவில் வண்டிக்குள் சற்று உட்கார்ந்திருந்தேன். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா பார்த்ததும் ஏதோ தேடுவதுபோல் டேஷ்போர்டைத் திறந்தேன்.

ஜூன் 14, சனி

மேகம், மழை இல்லை. பதினோரு மணிக்கு தணிகைவேல் போன்.

"சார், ஃபீட்பேக் கால்ல மேடம் மார்க்கே சொல்லலியாம் சார். 'அப்பாதான் ஓட்டுறாரு, அவர கேட்டுட்டு சொல்றேன்'னு சொல்லிகினாங்களாம். திங்கக்கிழமை திரும்ப கூப்பிடுவாங்க. கொஞ்சம் சொல்லுங்க சார்."

கேட்டுட்டு சொல்றேன். என்னைக் கேட்பாளாம்.

போனைச் சார்ஜில் போட்டேன். குளிக்கும்போது பாத்ரூம் வாசலில் வைத்தேன். இன்சூரன்ஸ்காரன் ஒருவன், கேஸ் புக்கிங் ஒன்று. அவள் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாமல்லபுரம் போகவில்லை. வழியில் சிக்னல் கிடைக்காவிட்டால்?

மதியம் வரை பார்த்தேன். அவள் ஏன் கூப்பிட வேண்டும்? திட்டியது நான். நாளை திங்கள் ஆகிவிடும், பாவம் தணிகைவேல்.

ஐந்து மணிக்கு நானே அடித்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தாள்.

"அப்பா?"

"அந்த அட்வைசர் நல்ல மனுஷன். பத்துக்குப் பத்து போட்டுடு."

"சரி." பின்னால் குக்கர் சத்தம். "ஒரு வருஷத்துல மூணாயிரம்தானாப்பா? எங்கயுமே போகலியா?"

"யார் வீட்டுக்குப் போறது?"

டேவிட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கூப்பிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. இருமினேன்.

"இங்க செய்யூர்லயும் ரோடு நல்லாதான் போட்டிருக்காங்க" என்றாள். "அனுபுரத்துலேர்ந்து எவ்ளோ தூரம் இருக்கும்?"

"முப்பத்து மூணு."

யோசிக்காமல் வந்துவிட்டது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

"நிறுத்தியே வச்சிருந்தா பேட்டரி போயிடும்ப்பா" என்றாள். "ஞாயித்துக்கிழமைல எடுத்து ஓட்டு."