விரல் எலும்பின் நடுவில்

அக்காவுக்கு,

இதை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. அத்தான் கண்ணில் பட வேண்டாம்.

உன் முழங்கால் மூட்டிலிருந்து எடுத்த சவ்வுச் செல்கள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெறியோடு வளர்கின்றன. அவற்றை அடக்கிவைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்மூலக்கூறு ஒன்று குறைந்துபோனதால், பக்கத்தில் வைத்த குருத்தெலும்பைக் குடைந்து தின்கின்றன. குறைந்ததைத் திரும்பச் செலுத்தினோம். மெல்ல அடங்குகின்றன.

சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது அத்தான் அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார். இன்று காலை டாக்டரிடம், "மைக்ரோ ஆர்.என்.ஏ. கம்மியாயிடுச்சு சார், எலும்பு தானா ஒடியுது. மச்சினிச்சியே சொன்னா. கண்ணாடி பொம்மையக் கட்டிக்கிட்டேன்" என்று சிரித்தார்.

நீ தலையாட்டினாய்.

எக்ஸ்ரேயை நானும் பார்த்தேன். உனக்கு இருக்கும் முடக்குவாதம் எலும்பை மூட்டின் ஓரத்தில்தான் அரிக்கும். உன் மூன்று விரல்களும் நடு எலும்பில், திருகிய வாக்கில் ஒடிந்திருக்கின்றன. வீங்கிய விரல்களைச் சேர்த்துப் பிடித்து, நீ கத்திய பிறகும் விடாமல் முறுக்கினால்தான் அப்படி ஒடியும். மணிக்கட்டில் கட்டைவிரல் பதிந்த இடம் நீலமாகக் கன்றிக் கிடக்கிறது.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மதியம் போலீஸ் வரும். அவனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் உன்னிடம் கேட்பார்கள். மூட்டு வியாதிதான் என்று நீ சொல்லிவிட்டால், சாயங்காலம் அவனோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

உனக்கு இன்னொரு கை மிச்சமிருக்கிறது, அக்கா.

வார்டு வாசலில் நிற்கும்
உன் தங்கை