ஸ்னேருக்கு அடியில் ஒரு தடம்

லெஷெக்,

பீட்ரூட் சூப் அடுப்பில் இருக்கிறது. ஈறில் ரத்தம் கசிந்தாலும் அதில் தெரியாது, குடி.

டிரம்ஸ் எல்லாவற்றையும் அந்த டிரம் அடிக்கும் பிளக்இன் மென்பொருளுக்குள்ளேயே கலந்து ஒரே ஒலித்தடமாக நீ கொடுத்தால் ஸ்னேர் டிரம்மின் சத்தத்தை மட்டும் எப்படி ஏற்றுவது என்றுதான் கேட்டேன். "மெஷின் உன்னவிட நல்லாவே அடிக்குதுண்ணா, குச்சியத் தூக்கிப் போடு" என்றாய். அதற்குத்தான் உன் தலையை அலமாரியில் மோதினேன். நீ முறுக்கிய என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

ரெக்கார்டிங் மென்பொருளில் ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனித் தடமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். கேட்டுப் பார்.

வீட்டோல்ட்

பி.கு.: நாலு மணி ரயிலில் அம்மா வருகிறாள். படியில் விழுந்தோம் என்று சொல்.

இன்னொன்று: சண்டையின்போது மைக் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்னேருக்கு அடியில் சேர்த்திருக்கும் அந்த 'டம்' உன் தலைதான். அதை எந்த மெஷினும் அடிக்காது.