கடைக்குப் பின்னால் கட்டுகிற அறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, படியில் நடுவே உட்கார்ந்துதான் ஏறுகிறாள், கேட்டால் காற்று வாங்குகிறேன் என்கிறாள். மூக்குக் கண்ணாடிக் கடை வழக்கம்போல் நடக்கிறது.

கடைக்குப் பின்னால் உனக்காகக் கட்ட ஆரம்பித்த அறைக்குச் சுவர் முடிந்து மேலே தளமும் போட்டாகிவிட்டது. உன் சித்தப்பாவைத் தெரியுமே, கடையில் வேலை செய்கிற பெண்கள் அவனுக்கு 'எதுக்கு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அஸ்திவாரம் தோண்டும்போதே எதுக்குண்ணே இது என்று கேட்டான், மகள் கண் டாக்டராகி வரப்போகிறாள், பின்னால் அவள் கண் பார்ப்பாள், முன்னால் நாம் கண்ணாடி விற்போம் என்றேன், சரி என்று போய்விட்டான். தளம் போடுவதற்கு முன்னாலும் வந்து அதையே கேட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது, எத்தனை தரம்டா சொல்றது என்றேன். சொன்ன காரணம் இன்னும் உசிரோட இருக்கான்னு பார்த்துக்கறேண்ணே, கடை நம்ம ரெண்டு பேர் கடைதானே என்றான். பேச்சு மட்டும் வக்கீல் பேச்சு. போன வாரம் கதவு, தரை வேலைக்கு ஆள் வந்தபோது மறுபடியும் வந்து நின்றான். அன்றைக்கு அந்தக் காரணம் உசிரோடு இல்லை, ஏனென்றால் அதற்கு முதல் நாள்தான் அம்மா சொன்னாள், நீ படிக்கப் போன ஊரிலேயே ஆஸ்பத்திரியில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டாய் என்று. என்னிடம் சொல்லப் பயந்தாயாம். கொத்தனாரைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

எனக்கு வருத்தம்தான், இல்லை என்றால் பொய். ஆனால் அதைவிட எனக்குப் பிடிக்காதது நீ அம்மாவிடம் சொன்ன இன்னொன்று, அறை பாதி எழும்பிவிட்டதே, அதற்காகவாவது வந்துவிடுகிறேன் என்றாயாம். அந்தத் தப்பை மட்டும் செய்யாதே கண்ணு. பாதி கட்டியாகிவிட்டது என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. செங்கல்லுக்காகத் திரும்பி வந்தால் மறுநாளிலிருந்து நீ சுவரைப் பார்த்து முறைப்பாய், நாங்கள் உன்னைப் பார்த்து முழிப்போம். உனக்கே வர வேண்டும் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் வா, அது வேறு.

நானும் சித்தப்பாவும் உட்கார்ந்து பேசினோம், வேலையை அப்படியே நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தோம். அப்புறம்தான் ஒன்று தோன்றியது, லென்ஸ் அறுக்க வெளியே கொடுத்துவிட்டு, வாங்க வருகிறவர்களிடம் நாளைக்கு நாளைக்கு என்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, லென்ஸ் அறுக்கிற மெஷினை இந்த அறையிலேயே போட்டால் அறைக்கும் வேலை இருக்கும், கடைக்கும் லாபம். சித்தப்பா குடைந்து குடைந்து கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினான், மெஷின் வந்த பிறகும் கேட்பேன் என்று இப்போதே மிரட்டி வைத்திருக்கிறான். நீ கை கழுவக் கேட்ட தொட்டி இனி வேண்டாம் என்று குழாயை அடைக்கச் சொல்லிவிட்டேன்.

கதவு ஒன்றுதான் மிச்சம். சக்கர நாற்காலியில வர்றவங்க இடிபடாம நுழையணும்ப்பா என்று நீ வரைந்து காட்டிய அகலக் கதவு. மெஷினுக்கு அவ்வளவு தேவையில்லை, சாதாரணக் கதவே போதும். தச்சர் வந்து அளவு கேட்டார், நான் நீ சொன்ன அளவையே சொன்னேன். சித்தப்பா பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இனி எதுவானாலும் என்னிடமே நேராகச் சொல். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
அப்பா