கணக்கு சாரின் கட்டைவிரல்

மாசி 9, வியாழன்

சரியான விடையை இன்று என் கையாலேயே அழித்தேன்.

கணக்கு சார் வரத் தாமதமானதால் ஒன்பதாம் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். எதிர் மாறல் பாடம். பம்புக்குள் அடைத்த காற்றின் அழுத்தம் ஒன்று என்று கேஜ், அதாவது அழுத்தமானி, காட்டுகிறது. அந்தக் காற்றைப் பாதி இடத்துக்குள் அழுத்தினால் எவ்வளவு காட்டும்? மூன்று என்று எழுதினேன். வெளிக்காற்றின் அழுத்தமும் அதே அளவில் ஒன்று. அதைக் கேஜ் காட்டாது. அதையும் கூட்டினால் இரண்டு. இடம் பாதியானால் அது நான்காகும். கூட்டிய ஒன்றைக் கழித்தால் மூன்று.

அப்போது அவர் உள்ளே வந்தார். “ஒன்னுக்கு ரெட்டிப்பு ரெண்டு. இதுகூடத் தெரியாமத்தான் சயின்ஸ் எடுக்கீகளாக்கும்? அழிங்க டீச்சர்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அழித்தேன். ஏன் அழித்தேன்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புதான் காதில்.

எம்.ரெட்டியபட்டியில் இறங்கியதும் நேராக அண்ணனின் பஞ்சர் கடைக்குப் போய், கேஜ் வைத்த கைப்பம்பு ஒன்று கேட்டேன்.

“எதுக்குத்தா?”

“பள்ளிக்கூடத்துக்குண்ணே. புது வாசர் போட்டுக் குடு. துளி லீக் இருக்கக் கூடாது.”

இப்போது அது என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

நாளை அதே வகுப்பில், கேஜ் பூஜ்யத்தில் நிற்கும்போது, பம்பின் வாயை அவருடைய கட்டைவிரலால் அடைக்கச் சொல்வேன். பிள்ளைகள் பார்க்கப் பாதிவரை அழுத்துவேன். அவர் கணக்குப்படி பூஜ்யத்துக்கு ரெட்டிப்பும் பூஜ்யம்தான். விரலை ஒன்றும் தள்ளக் கூடாது.

தள்ளும். அவர் முகம் மாறும். அப்போது நான் மரியாதையாகவே சொல்வேன்: “விரல எடுத்துராதீக சார், பூஜ்யந்தானே?”