ஒன்றாம் வகுப்புக்குப் போலாம் ரைட்

அன்பு மகள் குண்டுமணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பியும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நன்றாகத்தான் இருப்பீர்கள், அந்தக் குளிரில் ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாமல் இருந்தால். இப்போது ஒரு விஷயம் சொல்லப் போகிறேன், பதறாதே, உட்கார்ந்து படி. அம்மாவுக்குத் தொண்டையில் கோளாறு வந்து இப்போது தேவலை. இத்தனை வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்திக் கத்திக் குரல் வருகிற இடத்தில் சின்ன முடிச்சு விழுந்துவிட்டதாம், ஆபரேஷன் வேண்டாம், ஆனால் கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது, அப்புறமும் சத்தம் போட்டா இருக்கிற குரலும் போயிடும்மா என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உனக்குச் சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. வீட்டில் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும் என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டது உண்மை, அதற்கும் வழியில்லை, ஒரு சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டு எழுதித் திட்டினாள், அதுவும் ஒரு பிழை இல்லாமல். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் கொண்டுவந்து மாட்டிவிட்டுத் திட்டுவாள்.

இப்போது சிரிக்கிறேனே தவிர அப்போது ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. அம்மா பள்ளியின் பெரிய டீச்சர், அதுதான் ஹெட்மிஸ்ட்ரஸ், நல்லவர்தான், ஆனாலும் சின்னப் பிள்ளைங்க கிளாஸுக்குத் தொண்டைதான் டீச்சருக்கு மூலதனம், உங்களால இனி முடியாது, இந்தப் பருவம் முடிஞ்சதும் ஆபீஸுக்கு வந்து உட்காந்துடுங்க, சம்பளம் குறையாது என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து தோள்பையைக்கூட இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள், அழுகிற சத்தம்கூட வரவில்லை. உன் கல்யாணத்தில் உன்னை அனுப்பி வைத்தபோதுகூட அவளை நான் அப்படிப் பார்க்கவில்லை, உன்னிடம் சொல்வதற்கு என்ன. அப்புறம் முகத்தைக் கழுவிவிட்டு வந்து சிலேட்டில் எழுதினாள், கத்தாமல் சொல்லிக்கொடுத்துக் காட்டுகிறேன் என்று. பருவம் முடியும்வரை நேரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்தது வீட்டுக்குச் சனி. வகுப்பில் பெஞ்சையெல்லாம் ஓரம் தள்ளி நாலு மூலையில் நாலு வேலை, நடுவில் ஒரு பாய், அதில் அம்மா. நாற்பது பேருக்குக் கத்தத்தானே தொண்டை வேண்டும், எட்டுப் பேர் பாயில் பக்கத்தில் உட்கார்ந்தால் முணுமுணுத்தால் போதும், மற்றவர்கள் மூலைகளில் தாங்களாகவே படித்துக்கொண்டிருப்பார்கள், அப்புறம் இடம் மாறுவார்கள். இதுதான் அவள் கணக்கு. அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் எங்கே இருந்து வந்தது என்கிறாய்? துணி கிளிப் முழுக்க எழுத்து எழுதிக் கொண்டுபோய்விட்டாள், என் வேட்டியும் சட்டையும் பறந்து அடுத்த வீட்டுத் தையல்கார அக்கா மொட்டைமாடியில் கிடந்தன, அந்த அம்மாள் அண்ணே உங்க மானம் எங்க வீட்ல இருக்கு என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுகிறார். பாட்டில் மூடியெல்லாம் எழுத்துக் கோத்துச் சொல் உண்டாக்க, என் புதுச் செருப்பு வந்த பெட்டி, சொல் எழுதின அட்டைகளைப் போட்டு வைக்க. விரலால் எழுதிப் பழக ஒரு தட்டில் உப்பைப் பரப்பி வைத்தாள், பிள்ளைகள் எழுதின எழுத்தை நக்கிவிட்டார்கள். சரி என்று மாவைப் போட்டாள், எறும்பு வந்து படித்தது. கடைசியில் மணலை நான்தான் சலித்துக் கொடுத்தேன்.

ஒரு மூலை மட்டும் இடித்தது. எழுத்தின் ஓசையைக் காதால் கேட்டுத் திருப்பிச் சொல்லி, ஓசைகளைச் சேர்த்துச் சொல்லாக்குகிற மூலை. ஓசை சொல்லக் குரல் வேண்டுமே, அதுதானே இல்லை. உன் தம்பி ஒரு பழைய போனும் சின்ன ஸ்பீக்கரும் கொண்டுவந்து, அப்பா பஸ்ஸுல கத்தாததா, நீங்களே பேசுங்க என்று என்னை மாட்டிவிட்டான். நானும் கதவைச் சாத்திக்கொண்டு ப, ட, ம், படம் என்று ஒரு அட்டை விடாமல் பேசிப் பதிந்து கொடுத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டது மறுநாள்தான். காலமெல்லாம் கண்டக்டராக இருந்த வாய், ஒவ்வொரு சொல் முடிந்ததும் தானாக ரைட் என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது, எனக்கே தெரியாது. பிள்ளைகளும் ப, ட, ம், படம், ரைட் என்று பாடம் ஒப்பிக்கிறார்கள். மாற்றிப் பேசித் தருகிறேன் என்று எவ்வளவோ முயன்றேன், ரைட்டை விட்டால் எனக்கு அடுத்த சொல்லே வரவில்லை. ஆனால் பார், அதுவே உதவியாகப் போயிற்று. மூலை மாறுவதற்கு அம்மா முதலில் மணி அடித்துப் பார்த்தாள், வீட்டுக்கு விடுகிற மணி என்று நினைத்து நாற்பதும் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டுக்கு ஓட, வாட்ச்மேனும் அரைத் தூக்கத்தில் திறந்துவிட்டார், தெருவில் ஓடிப் பிடித்து வந்தார்களாம். அப்புறம் ஓட்டைப்பல் என்று ஒரு வாண்டுப் பெண், முன்பல் இரண்டும் இல்லை, வாசிக்கச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிகிறவள், அவள் ஒருநாள் தானாகவே எழுந்து போலாம் ரைட் என்றிருக்கிறாள், அத்தனையும் வரிசையாக அடுத்த மூலைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அதுதான் வழக்கம், அம்மா வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

போன வெள்ளிக்கிழமை அலமாரிக்கு ஆணி அடிக்கப் போயிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் பெரிய டீச்சர் வாசலில் வந்து நிற்கிறார். டீச்சர் எங்கே, சத்தத்தையே காணோமே என்று கேட்கிறார், அந்த நேரம் பார்த்து என் குரல் மூலையிலிருந்து ரைட் என்கிறது, எனக்கு உயிரே போய்விட்டது. அவர் முகத்தில் சிரிப்பில்லை. போர்டில் கடல் என்று எழுதினார், அட்டைகளில் இல்லாத சொல். யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்து, வாசிக்காத பிள்ளை என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்த ஓட்டைப்பல்லைத்தான் கூப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் சுத்தியலைப் பார்த்தேன். பிள்ளை போர்டைப் பார்த்து உதட்டை அசைக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. சத்தமா சொல்லு, எனக்குக் கேட்கணும் என்றார் பெரிய டீச்சர். அது நிமிர்ந்து பார்த்துச் சொல்லிற்று, எங்க டீச்சருக்குத் தொண்டை வலிக்கும், இங்க யாரும் கத்த மாட்டோம், நீங்க குனிங்க. குண்டுமணி, அந்த அம்மாள் குனிந்தார். முட்டி போட்டு, காதைப் பிள்ளையின் வாய்க்கு நேரே வைத்துக் கேட்டார். க, ட, ல், கடல். கடைசியில் ரைட்டும் சொல்லிவிட்டது. அவர் அப்படியே பாயில் உட்கார்ந்தவர் இரண்டு போலாம் ரைட் கேட்டும் எழுந்திருக்கவில்லை, பிள்ளைகள்தான் டீச்சர் உங்க முறை முடிஞ்சிடுச்சு என்று எழுப்பி விட்டார்கள். போகும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, ஆபீஸுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன், நீங்க உங்க பிள்ளைங்களைப் பாருங்க என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மா அழுதாள், நானும்தான், ஆணி கையில் குத்தினதால் என்று சொல்லிக்கொண்டேன்.

உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி பெண் பார்க்கலாம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் பொழுது சாய்வதற்குள் சமாதானமாகி, நிறைவாக இருக்க அப்பா அம்மாவின் ஆசீர்வாதம்.

ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அம்மா பேசுவாள். இத்தனை நாள் நீ கூப்பிட்டபோதெல்லாம், அம்மா கோயிலில், அம்மா தூக்கத்தில் என்று நான் புளுக, போனை என் கையில் தள்ளிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், உன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு. தன் குரல் கரகரத்து அடையாளம் தெரியாமல் போய்விட்டது, நீ கேட்டால் யாரோ என்று நினைத்துவிடுவாய் என்று அவளுக்குப் பயம். கூப்பிடும்போது டிவியை அணைத்துவிடு, போனை ஸ்பீக்கரில் போடாதே, காதோடு ஒட்டி வைத்துக்கொள். கேக்கலம்மா, சத்தமா பேசு என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா