தனக்காகவே காத்துநின்ற சர்வர்

அன்புள்ள அம்மாவுக்கு, முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன், கவலைப்படாதே.

போன வாரம் ஒரு கூத்து. நான் செய்த இணையதளத்தை மேனேஜருக்குப் போட்டுக் காட்டினேன். கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்க என் கம்ப்யூட்டரில் ஓடும் சோதனை சர்வர் ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கூடுதல் த்ரெட், அதாவது இன்னொரு கை மாதிரி ஒன்று, கொடுத்தால்தான் இரண்டாவதையும் கவனிக்கும். கொடுக்க மறந்துவிட்டேன். என் இணையப்பக்கம் பாதி திறக்கும்போதே அதே சர்வரிடம் இன்னொரு விவரம் கேட்டது. பக்கம் முடிந்தால்தான் விவரம் வரும், விவரம் வந்தால்தான் பக்கம் முடியும். திரை வெள்ளையாகவே நின்றது.

"உன் சர்வர் தனக்காகத் தானே காத்துக்கிட்டு நிக்குதும்மா" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வேலை போகவில்லை. மூலை நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

வேலையில் இருப்பேன் என்று நீ கூப்பிடுவதில்லை, அம்மா தூங்கட்டும் என்று நானும். ஞாயிறு கூப்பிடும்மா. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் போனை அடுப்படியில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். பாத்திரச் சத்தம் கேட்டாலாவது தூக்கம் வரும்.

பஸ் வந்துவிட்டது.
உன் சின்னவள்